பதினோராம் பருவம்

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். பெண்பிள்ளை அம்மானை ஆடும், நீராடும், ஊசலாடும். மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களாக எண்ணிக்கொண்டு போனால் 21ஆம் மாதத்தில் பத்தாம் பருவம் வந்துவிடும் என்று ஒரு கணக்கு உண்டு. முதுகலை வகுப்பில் இதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஓர் ஆண்டு, திருமணமாகிக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திருச்சுழிப் பக்கமிருந்து பேருந்தில் வந்து படித்த மாணவி கேட்டாள்: “மேடம், பால் மறக்கடிக்கிறது இதுல எந்தப் பருவத்துல வரும்?”

எந்தப் பருவத்திலும் வராது. பிள்ளை தலையை நிமிர்த்தி ஆட்டுவதற்கு ஒரு பருவம், கை தட்டுவதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம் என்று வகுத்த மரபு, அதே மாதங்களுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் நடந்து முடிகிற ஒரு பெரிய பிரிவுக்கு இடம் ஒதுக்கவில்லை. பருவங்கள் குழந்தை செய்யும் செயல்களால் பெயர் பெறுகின்றன, பால் மறத்தல் குழந்தை செய்வதல்ல, அதற்குச் செய்யப்படுவது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் காப்பும் தாலாட்டும்கூடக் குழந்தை செய்பவை அல்லவே. தாயின் செயலைப் பாடும்போது அவள் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டார்கள் என்பதே என் வாசிப்பு.

இலக்கியம் விட்டதைப் பேச்சு வழக்காவது பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் பாதிதான். “பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சாச்சா?” என்பது அருப்புக்கோட்டைக் கரிசல் முழுவதும் கேட்கும் கேள்வி. சாகடித்தல், தோற்கடித்தல், மறக்கடித்தல் என்று ‘அடி’ சேர்ந்த வினைகள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் மீறுகிற வினைகள். இந்த வாக்கியத்தில் மறப்பது பிள்ளை, மறக்கச் செய்வது தாய். சுரந்துகொண்டிருக்கும் முலைக்கு வாக்கியத்தில் இடமில்லை. பிள்ளை மூன்று நாளில் மறந்துவிடும். மார்பு மறக்க வாரங்கள் ஆகும்.

அந்த வாரங்களுக்கான சொற்கள் பெண்கள் தங்களுக்குள் பேசும் பேச்சில் தனியாக இருக்கின்றன. எங்கள் குமாரலிங்கபுரத்தில் என் அப்பத்தா தலைமுறைப் பெண்கள் “மாரு கனக்குது” என்பதையும் “மாரு கட்டிக்கிருச்சு” என்பதையும் ஒன்றாகப் பேசமாட்டார்கள். முதலாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரண்டாவது, தொட்டால் கல்லாகத் தட்டுப்படுவது. அக்குள்வரை இழுத்துப் பிடித்தால் “நெறி கட்டியிருக்கு”. அதோடு குளிரும் காய்ச்சலும் வந்தால் “பால்காய்ச்சல்”. கடைசியில் “வத்திப்போச்சு”. கிணற்றுக்கும் கண்மாய்க்கும் அவர்கள் சொல்லும் அதே சொல். வலியை இவ்வளவு நுணுக்கமாகப் படி பிரித்த இந்தச் சொற்களில் ஒன்றுகூட என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் புரட்டிய கவிதைகளில் எதிர்ப்படவில்லை.

தமிழ்க் கவிதையில் முலை இல்லாமல் இல்லை. எங்கும் இருக்கிறது. என்ன செய்யப்படுகிறது என்று மட்டும் பாருங்கள். புறநானூற்றின் 278ஆம் பாடலில், மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட முதிய தாய், அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். பாடியவர் ஒரு பெண், காக்கைபாடினியார் நச்செள்ளையார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி இடமுலையைத் திருகி மதுரையின்மேல் எறிகிறாள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், பயனற்ற தன் கொங்கையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். அறுப்பது, திருகுவது, பறிப்பது. மதுரையில் தடாதகையின் மூன்றாம் முலை, வரப்போகும் கணவனைக் கண்டதும் தானாகவே மறைந்துவிடுகிறது. அதிலும் அவளுக்கு வேலை இல்லை. முலையைச் சான்றாகவும் ஆயுதமாகவும் ஆக்கத் தெரிந்த மரபுக்கு, கனத்த முலையில் ஈரத்துணி வைத்து ஆற்றிக்கொள்ளும் பெண்ணைப் பாடத் தெரியவில்லை. வீரம் ஒரு நொடியில் முடிவது. பால் மறக்கடிப்பது மெதுவான காரியம்.

பால் பீய்ச்சுவதற்கு ஒரு மங்கலமான காட்சி உண்டு. பெரியபுராணத்தில் சீர்காழிக் குளக்கரையில் அழும் மூன்று வயதுப் பிள்ளைக்கு உமை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் ஊட்டுகிறாள். அது ஞானப்பால், கணவன் பணித்ததால் கறந்த பால். அந்தப் பிள்ளையைப் பெற்ற பகவதியார் அந்நேரம் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

சங்கப் பாடல்களில் நான் தேடியதற்கு மிக அருகில் வருவது புறநானூறு 160. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் வேண்டிப் பாடியது. வீட்டில் உணவில்லை. சிறுவன் பாலில்லாத முலையைச் சுவைத்துப் பார்க்கிறான், ஒன்றும் வரவில்லை. கூழும் சோறும் தேடி வெறும் கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், உன் அப்பாவை நினைத்தால் எப்படி முகம் சுளிப்பாய், காட்டு என்று கேட்டு அவன் கவனத்தைத் திருப்புகிறாள். பெருந்தலைச் சாத்தனார் பாடிய 164ஆம் பாட்டிலும் இதே குமணனிடம் இதே போன்ற வறுமுலைதான் போய் நிற்கிறது. இரண்டையும் வறுமைக்குச் சான்றாகவே பாடநூல்களில் கற்பிக்கிறோம். வறுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 160ஆம் பாட்டில் அந்தத் தாய் செய்வது முலையிலிருந்து குழந்தையின் மனத்தைப் பிரிக்கும் வேலை: பயமுறுத்தல், வேடிக்கை காட்டல், அப்பாவின் பெயரைச் சொல்லல். பால் மறக்கடிக்கும் எந்தத் தாய்க்கும் இந்த மூன்றும் தெரியும். பின்னாளில் பிள்ளைத்தமிழ் அம்புலிப் பருவம் என்று அலங்கரித்து வைத்த நிலா, இங்கே பால் கொடுக்க முடியாத ஒருத்தி கைகாட்டும் நிலா. அம்புலியைப் பாடப் பாடச் சந்தம் மட்டும் வளர்ந்தது, நிலாவைக் காட்டியவளின் காரணம் உதிர்ந்துபோனது.

இனி எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் நிறைந்து கனக்கும் மார்பைத் தமிழில் மிக நெருக்கமாகப் பார்த்த கவிஞர் திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், ஓர் ஆண். அவர் திருமொழியின் இரண்டாம் பத்தில், தூங்கும் கண்ணனை அம்மம் உண்ண எழுப்பும் பதிகம் இருக்கிறது. அம்மம் என்பது குழந்தை மொழியில் முலைப்பால். நேற்றிரவு உண்ணாமல் உறங்கியவன், இன்று உச்சிப்பொழுது ஆகியும் எழவில்லை. அவன் வயிறு வாடியிருக்கிறது, அவள் முலை வழிந்து பாய்கிறது, வந்து உதைத்துக்கொண்டு குடி என்று அழைக்கிறாள். உரை மரபு இதை வாத்சல்யம் என்று படிக்கிறது. பாலூட்டிய பெண் இதைக் கணக்குப் போட்டுப் படிப்பாள். இரவிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய அரை நாள். அரை நாள் பால் எடுக்காத மார்பு எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். யசோதை கூப்பிடுவது பிள்ளையின் பசிக்காக மட்டுமல்ல. அவளுக்கும் வலிக்கிறது. இந்த அவசரம் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானது என்பது அந்தப் பதிகத்தில் மறைவாக இல்லை, வெளிப்படையாகவே இருக்கிறது. பக்தி அதை அன்பென்று மட்டும் பெயர்த்துக்கொண்டது.

கண்ணன் கதையில் முலையில் எதையோ தடவிக்கொண்டு வரும் ஒருத்தியும் உண்டு. பூதனை தடவியது நஞ்சு. எங்கள் ஊரில் வேப்பிலை அரைத்தும் கற்றாழைச் சோற்றைத் தேய்த்தும் காம்பில் தடவுவார்கள். பிள்ளை வாய் வைத்ததும் முகம் கோணும், இரண்டு நாளில் விலகிவிடும். கசப்பு தடவிய முலை நம் கதைமரபில் அரக்கியினுடையது. அதனால்தானோ என்னவோ, வேப்பிலை தடவும் பெண் ஒவ்வொருத்தியும் ஏதோ பாவம் செய்வதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறாள். பிள்ளையை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் பிள்ளை சட்டென்று நிறுத்தப்படுகிறது. சுரப்பு நிற்பதில்லை. அடுத்த மூன்று நாள் அவள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவில் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல் கிடப்பாள். இறுக்கிக் கட்டுவது பால் குழாய்களை அடைத்துக் கட்டியும் அழற்சியும் உண்டாக்கும் என்பதால் மருத்துவர்கள் இன்று அதை வேண்டாம் என்கிறார்கள்.

மெதுவாக நிறுத்தும் முறை கிராமத்துக்குத் தெரியாததல்ல. உச்சிப் பாலை முதலில் நிறுத்து, அப்போது பிள்ளைக்கு விளையாட்டும் சோறும் இருக்கும். நாலைந்து நாள் போகட்டும், மார்பு அதற்குப் பழகியதும் அந்திப் பாலை நிறுத்து. தூக்கத்துக்குக் கொடுப்பதையும் விடியப் பாலையும் கடைசிக்கு வை. என் அத்தை இதைப் பயிர்த் தண்ணீர் குறைப்பதுபோல் சொல்வாள். இடையில் கனத்தால் என்ன செய்வது? “பாரம் குறையிற அளவுக்குப் பீச்சு. ஒட்டப் பீச்சினா ஒட்டச் சுரக்கும்.” முலையில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானே குறையும், முழுக்க எடுத்தால் உடல் இன்னும் தேவை என்று நினைத்துக்கொள்ளும் என்று உடலியல் சொல்வதும் இதையேதான். குளிர்ந்த ஈரத்துணி, தளர்வான ஆனால் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, ஓரிடத்தில் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. பீய்ச்சிய பாலை மிதிபடும் இடத்தில் ஊற்றமாட்டார்கள், ஏதாவது ஒரு செடியின் அடியில் ஊற்றுவார்கள்.

மல்லிகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பற்றிய ஆய்வொன்றை 1988இல் வெளியிட்டார்கள். பிரசவித்த பெண்களில் பாலை நிறுத்த வேண்டியிருந்தவர்களுக்கு மல்லிகையையும், அப்போது அதற்குக் கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். இரத்தத்தில் புரோலாக்டின் அளவை மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் மார்புக் கட்டிலும் பால் சுரப்பிலும் வலிமாத்திரைத் தேவையிலும் இரண்டும் சமமாகவே பயன் தந்தன. மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்குப் பால் மறுபடி சுரந்தது. பக்கவிளைவுகள் காரணமாக அமெரிக்காவில் 1990களின் நடுவில் இந்தப் பயன்பாட்டிலிருந்தே அந்த மாத்திரை விலக்கப்பட்டது. பூவுக்கு அந்த அளவு சோதனைகள் தொடர்ந்து நடக்கவில்லை. பெண்களின் கைவைத்தியம் ஒருமுறை வியக்கப்பட்டுப் பிறகு மறக்கப்படுவது புதிதல்ல.

பிரசவத்தை ஒட்டிப் பாலை நிறுத்த வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் யார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பிள்ளை தவறிப்போன தாய்க்கும் மூன்றாம் நாள் பால் இறங்கும். துக்க வீட்டில் தலையில் பூ வைக்க மாட்டார்கள், ஆனால் அவள் மார்பில் மல்லிகை கட்டுவார்கள். மல்லிகையைக் கூடலின் பூவாகவும் பிரிவின் பூவாகவும் பாடிப் பாடி அலுத்த நம் கவிதைக்கு இந்த மல்லிகை கண்ணில் படவேயில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எழுதப்பட்ட கட்டுரைகள் கூந்தலையும் கோயிலையும் பற்றியவை. இதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

வலியில்லாமல் பால் மறக்கடிக்க அடிப்படையாகத் தேவைப்படுவது நேரம். நான்கு வேளைப் பாலை ஒவ்வொன்றாகக் குறைக்க நான்கு வாரம் வேண்டும். இந்த நான்கு வாரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் நம் விவாதம் தொடங்க வேண்டும். பருத்தி எடுக்கப் போனவள் பிள்ளையை மரத்தடித் தூளியில் போட்டுவிட்டு, மார்பு கட்டும்போது வரப்போரம் வந்து கொடுத்தாள். தூளி கட்ட மரமில்லாத தீப்பெட்டி ஆலைக்கும் நூற்பாலைக்கும் போனவளுக்கு அதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021இல் ஓராண்டு விடுப்பு அளித்தது. தாள்களில் இவை நல்ல எண்கள். நான் அப்போது வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரியில் மூன்று மாதத்துக்குமேல் சம்பளமும் இல்லை, இடத்துக்கு உறுதியும் இல்லை. மாணவிகள் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு பீய்ச்சிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நன்னூல் நடத்தப் போவேன். உடன் வேலை பார்த்த பெண்கள் பலரும் அப்படித்தான். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஈரம் பட்ட ரவிக்கையைப் பார்த்தால் பார்க்காததுபோல் நடப்பதே எங்களுக்குள் இருந்த மரியாதை. எங்கள் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டு, எத்தனை பேருக்கு வேலை என்ற பேச்சு செய்தித்தாள்களில் நடக்கிறது. அந்த வேலைகளில் பெரும்பகுதிக்குப் பெண்கள்தான் போவார்கள். பாலூட்டும் அறை எத்தனை என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்தைப் பறிப்பது முதலாளி மட்டுமல்ல. இந்தியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளை வைத்துச் சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குஜியம்கோவும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பெண்குழந்தைகளுக்கு ஆண்குழந்தைகளைவிட முன்னதாகவே பால் நிறுத்தப்படுகிறது என்று காட்டியது. பாலூட்டும்வரை அடுத்த கரு தரிப்பது தள்ளிப்போகும்; ஆண்பிள்ளை வேண்டுமென்றால் பால் நிற்க வேண்டும். அந்தப் பெண்குழந்தையின் ஊட்டக்குறைவைப் பற்றி அந்த ஆய்வு பேசுகிறது, பேச வேண்டியதுதான். எனக்கு அதன் அடியில் இன்னொரு காட்சியும் தெரிகிறது. அடுத்தது ஆணாக இருக்கட்டும் என்று மாமியார் சொன்னதற்காக அவசரமாக நிறுத்திய பாலின் கட்டோடு, இன்னும் பிள்ளை கேட்டு அழும் இரவில் கணவனின் பக்கத்தில் படுத்திருப்பவள். உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்கிறது. எப்போது நிறுத்துவது என்பதைத் தாயும் பிள்ளையும் முடிவு செய்தால் அது நல்ல அறிவுரை. மாமியாரோ மேலாளரோ முடிவு செய்யும் வீட்டில் அதுவும் அவளைக் குற்றம் சொல்லவே பயன்படும்.

2000க்குப் பிறகு வந்த பெண்கவிதை உடலை எழுதியது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது தலைப்புச் சொல்லே பண்பாட்டுக் காவலர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆழ்வாரும் சேக்கிழாரும் தயங்காமல் சொன்ன சொல், ஒரு பெண் தன் நூலட்டையில் போட்டதும் ஆபாசமானது. அந்தச் சண்டையில் நாங்கள் வென்றோம் என்றே நினைக்கிறேன். ஆனால் வெற்றி பெரும்பாலும் வேட்கையின் பக்கம் நின்றுவிட்டது. தாய்மையை ஆணாதிக்கத்தின் புனிதப் பண்டமென்று ஒதுக்கிய வேகத்தில், பால் கட்டிய மார்பையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோம். நான் உட்படப் பலரும் எழுதியவை இப்படித்தான். வேட்கையை எழுதினால் கலகம், பால்கட்டை எழுதினால் சமையலறைப் பேச்சு என்று ஒரு மதிப்பீடு எங்களுக்குள்ளும் இருந்தது. புனிதத்தை உடைக்க எளிய வழி அதன் உடல்வலியை எழுதுவதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. முட்டைக்கோஸ் இலையும் மல்லிகையும் வேப்பிலைக் கசப்பும் வந்த இடத்தில் தாய்மைத் துதி அதிக நேரம் நிற்காது.

பெரியாழ்வாரிடம் இன்னொரு பதிகம் இருக்கிறது, மூன்றாம் பத்தின் முதலாவது. அம்மம் உண்ண வா என்று அழைத்த அதே யசோதை, இங்கே உனக்கு அம்மம் தர அஞ்சுகிறேன் என்கிறாள். பாட்டுக்குப் பாட்டு அதுவே முடிவு. முதல் பாட்டிலேயே பூதனை நினைவுக்கு வருகிறாள்: வாய் வைத்த பிள்ளை முலை கொடுத்தவளையே கொன்றது. உன்னை யாரென்று தெரிந்துகொண்டேன் என்கிறாள். தெய்வத்தை அறிந்த நடுக்கம் என்று உரைகள் சொல்லும். தவழ்ந்தது நடந்து, ஓடி, ஊரை அலைக்கழிக்கும் அளவு வளர்ந்த பிள்ளைக்கு முன்னால் ரவிக்கையை அவிழ்க்கத் தயங்கும் எந்தத் தாயும் இதை உரையில்லாமல் புரிந்துகொள்வாள். பால் மறக்கடிக்கும் பாட்டு தமிழில் உண்டென்றால் அது இதுதான். தருகிறாளா, மறுக்கிறாளா என்று பதிகம் சொல்வதில்லை. அடுத்த பதிகத்தில் அவன் கன்றுகளின் பின்னால் காட்டுக்குப் போய்விட்டான். குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று அவள் அரற்றுகிறாள். கடைசிப் பாலை அவன் எப்போது குடித்தான், அதன்பின் அவளுக்கு எத்தனை நாள் கனத்தது என்பதெல்லாம் இந்த இரண்டு பதிகங்களுக்கும் நடுவில், எழுதப்படாமல் கிடக்கின்றன.